ஹாலே நகரில் நம் வரலாறு: படிக்கப் போவது யார்?

ஐரோப்பாவில் ஒரு பருவம் படித்துவிட்டு வந்த ஆய்வு மாணவரிடம் தோழர்கள் முதலில் கேட்பது, "அங்கேயும் சாதி இருக்கா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அங்கே போகிறவர்கள் யார்? எந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகள் அந்த விமானத்தில் ஏறுகிறார்கள், எந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அப்படியொரு திட்டம் இருப்பதே தெரியாமல் போகிறது?

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஒரு குளிர்காலப் பருவம் இருந்தேன். அக்டோபரில் போய் பிப்ரவரி முடிவில் திரும்பினேன். 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடிப் பகுதியில் கிறித்தவம் தழுவிய ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றியது என் ஆய்வு. தரங்கம்பாடிக்காரர்களைப் பற்றிப் படிக்க ஜெர்மனிக்கு ஏன் போக வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள், துறையிலும் கேட்டார்கள். நம் ஒன்றிய அரசும் அதையேதான் கேட்கிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதலில் போகிற வழியைப் பார்ப்போம்.

வாசலில் நிற்கும் கணக்கு

கல்விக் கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு என்று சுற்றறிக்கையில் இருக்கும். இரண்டும் உண்மைதான். ஆனால் 90 நாளுக்கு மேல் தங்க வேண்டுமென்றால் ஜெர்மனியின் தேசிய விசா வேண்டும். அதை வாங்க, அங்கே சாப்பிட்டு, வாடகை கொடுத்துப் பிழைக்கப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை மாதத்துக்கு 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ. உதவித்தொகை அதைவிடக் குறைவாக இருந்தால் மீதியை மாணவர் தன் கணக்கில் காட்ட வேண்டும். 992 யூரோ என்பது தொண்ணூறாயிரம் ரூபாய்க்கு மேல். இங்கே இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதுவும் மாதாமாதம் வருவதில்லை என்பது ஆய்வு மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதுகூடக் கிடைக்காமல் கௌரவ விரிவுரையாளராக ஓடிக்கொண்டே ஆய்வு செய்கிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

விசாக் கட்டணம், விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், காப்பீடு, விமான டிக்கெட், அறைக்கு முன்பணம், முதல் மாத வாடகை. இவையெல்லாம் கிளம்பும் முன்போ, போய் இறங்கிய முதல் வாரத்திலோ கட்ட வேண்டியவை. உதவித்தொகையோ போய்ச் சேர்ந்து, நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, வங்கிக் கணக்கு தொடங்கி, வந்துவிட்டேன் என்று சான்று கொடுத்த பிறகுதான் வரும். எனக்கு ஏழாவது வாரம் வந்தது. அந்த ஏழு வாரத்தை ஓட்டியது என் அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடன். நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு பெண் தன் பெயரில் கடன் வாங்கி, இரண்டு பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தத்துக்கு முன்பணம் போட்டார் என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். அதே ஆண்டு போன இன்னொரு மாணவரிடம் அவருடைய அப்பாவின் கிரெடிட் கார்டு இருந்தது. அவருக்கு அது வெறும் ஏழு வாரத் தாமதம்.

இன்னொன்று வயது. ஜெர்மனியில் மாணவர்களுக்கான மலிவான பொது மருத்துவக் காப்பீடு 30 வயதோடு முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டியவர்கள் வேறு காப்பீடு தேட வேண்டும். நமக்கோ முப்பதில்தான் ஆய்வே சூடு பிடிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இரண்டு வருடம் திருப்பூரில் வேலை, முதுகலை முடித்ததும் அக்கா கல்யாணக் கடன் அடைக்க மூன்று வருடம் வேலை. இப்படி இடைவெளி விழாமல் முனைவர் பட்டம் வரை வந்த முதல் தலைமுறை மாணவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இடைவெளியில்லாத வாழ்க்கைதான் எல்லோருக்கும் வாய்க்கும் என்று வைத்துக்கொண்டு விதி எழுதுகிறார்கள். அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.

தேர்வு எப்படி நடக்கிறது? எங்கள் பல்கலைக்கழகத்தில் சுற்றறிக்கை வந்த நான்காம் நாள் கடைசித் தேதி. 'பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மட்டும் பெயர் கொடுக்கவும்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியிலேயே எங்கள் துறையில் பெரும்பாலானவர்கள் கழிந்துபோனார்கள். முந்தைய வருடம் ஒரு தோழர் விடாமல் வற்புறுத்தி என்னைப் பாஸ்போர்ட் எடுக்க வைத்திருந்தார். அதனால் நான் தப்பினேன். இதை யாராவது தகுதி என்று சொன்னால் சிரிப்புதான் வருகிறது. தமிழ்நாட்டில் மாணவர் சேர்க்கைக்கு 69 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. அப்படிச் சேர்ந்த மாணவர்களிலிருந்து வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும்போது அந்தக் கணக்கைக் கேட்பார் இல்லை. வகுப்பறை வரை சமூகநீதி வருகிறது. விமான நிலையத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறது.

அழைப்புமணியில் அப்பா பெயர்

இனி தோழர்களின் கேள்வி. ஆம், அங்கே சாதி இருக்கிறது. நாம் கொண்டுபோகிறோம்.

ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் இருக்காது. அழைப்புமணிக்குப் பக்கத்தில் குடியிருப்பவரின் குடும்பப் பெயர் ஒட்டியிருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் என் மணிக்குப் பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்க வேண்டும் என்று 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு எடுத்த முடிவின் பலன் அது. பிற மாநிலத்து மாணவர்கள் சிலருக்கு அந்தப் பெயரிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. அதனால் சுற்றி வளைத்துக் கேட்டார்கள். "முழுப் பெயர் என்ன?" "அப்பா என்ன பண்றார்?" "நீ சைவமா?" தமிழ் மாணவர்கள் வேறு வழியில் வந்தார்கள். "மாயவரம் பக்கமா? அங்க எந்த ஊரு? ஊருக்குள்ளயா, வெளியவா?"

நான் தங்கிய விடுதியில் எட்டு அறைக்கு ஒரு சமையலறை. ஒருநாள் மாட்டுக்கறி வாங்கி வந்து மிளகும் சோம்பும் போட்டு வறுத்தேன். அதே தளத்தில் இருந்த இந்திய மாணவர் ஒருவர், தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். ஜெர்மன் மாணவி ஒருவர், நல்ல மனசுக்காரர், எல்லோருடைய நம்பிக்கையையும் மதிக்க வேண்டும் என்பதற்காக ஒரு கால அட்டவணை போடலாம் என்றார். மாட்டுக்கறி சமைக்க வாரத்தில் இரண்டு மாலை. இத்தனைக்கும் அந்தச் சமையலறையில் மற்ற நாட்டு மாணவர்கள் வாரம் தவறாமல் மாட்டுக்கறி சமைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதில் எந்தச் சங்கடமும் எழவில்லை. என் சட்டி அடுப்பில் ஏறியபோதுதான் எழுந்தது.

அட்டவணை வேண்டாம் என்றேன். அந்த மாணவி ஏன் என்று கேட்டார். இதைச் சாப்பிடுகிறவர்களின் தெரு எங்கள் ஊரில் தனியாக இருக்கிறது, அந்தத் தெருவில் பிறந்ததால் என் அம்மாவுக்குச் சின்ன வயதில் டீக்கடையில் தனிக் குவளை இருந்தது, இந்தச் சங்கடமும் அந்தக் குவளையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று சொன்னேன். அவர் அதிர்ந்துபோனார். அட்டவணை வரவில்லை. அந்த இந்திய மாணவர் மட்டும் பருவம் முடியும் வரை என் அடுப்புப் பக்கம் வரவில்லை.

அந்த ஜெர்மன் மாணவியை நான் குறை சொல்லவில்லை. அவருக்குச் சாதியைப் பண்பாடு என்று மொழிபெயர்த்துக் கொடுத்தவர்கள் நம் ஆட்கள். பண்பாடு என்று சொல்லிவிட்டால் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் அதை மதிக்கத் தயாராக இருக்கிறது. ஒடுக்குமுறை என்று அதற்குப் பெயர் வைக்கும் ஆள் அந்த அறையில் இருந்தால்தான் கதை மாறும்.

ஹாலேயில் இனவெறி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2019 அக்டோபர் 9 அன்று அந்த நகரின் யூதத் தொழுகைக்கூடத்தைத் தாக்க வந்தவன், கதவை உடைக்க முடியாமல் போனதும் தெருவில் ஒருவரையும் டோனர் கடையில் ஒருவரையும் சுட்டுக் கொன்றான். டிராமில் என்னை முறைத்தவர்களும் உண்டு. அந்த வெறிக்கு எதிரான கூட்டங்களில் இந்திய மாணவர்களும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் காலனியத்தால் பாதிக்கப்பட்டவர்களின் குரலாக அங்கே பேசிய ஒருவர், அதே வாரம் வாட்ஸ்அப் குழுவில் 'சைவம் மட்டும், நல்ல குடும்பத்துப் பையன்' என்று அறைக்கு ஆள் தேடினார். தோலின் நிறம் அங்கே அவரைப் பாதிக்கப்பட்டவராக ஆக்குகிறது. சாதி அங்கேயும் அவரைப் பாதுகாக்கிறது. இரண்டும் ஒரே ஆளில் இருக்கின்றன என்பது ஜெர்மானியர்களுக்குத் தெரிவதில்லை.

சட்டத்துக்கும் தெரிவதில்லை. ஜெர்மனியின் 2006ஆம் ஆண்டு சமநடத்தைச் சட்டம் இனம், பாலினம், மதம், மாற்றுத்திறன், வயது, பாலியல் அடையாளம் ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது. சாதி என்ற சொல் அதில் இல்லை. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வழி வைத்தார்கள். 2013இல் நாடாளுமன்றம் அதை அரசின் கடமையாகவே ஆக்கியது. 2018இல் அரசு பின்வாங்கி, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது. அங்கே வீட்டு வேலைக்காகக் கொண்டுபோகப்பட்ட பீகார் ஆதிவாசிப் பெண் ஒருவர் வழக்காடி, 2015இல் 1,80,000 பவுண்டுக்கு மேல் இழப்பீடு பெற்றார். தனியாளாகப் போராடி வாங்கியது அது. சட்டத்தின் பட்டியலில் அந்தச் சொல் இருந்திருந்தால் அவர் பாதை இவ்வளவு நீண்டிருக்காது.

பெட்டிகளில் இருக்கும் நம் ஆட்கள்

இப்போது, ஏன் ஹாலே? 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்குவையும் அவருக்குப் பின் வந்த பலரையும் உருவாக்கிய ஊர் அது. 1698இல் ஃபிராங்கே அங்கே தொடங்கிய கல்வி நிறுவனம் இன்றும் இருக்கிறது. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்கள், நாட்குறிப்புகள், கணக்குகள், ஓலைச்சுவடிகள் அதன் மிஷன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1710 முதல் அவற்றின் அறிக்கைகளை அங்கே அச்சிட்டு ஐரோப்பா முழுக்கப் படித்தார்கள். தமிழ் எழுத்துகளை அச்சில் வார்த்துக் கடல் வழியே அனுப்பிய ஊரும் அதுதான். 1714இல் சீகன்பால்கு ஐரோப்பா போனபோது மலையப்பன் என்ற தமிழர் உடன் போனார். 1716இல் ஹாலேயில் அச்சான தமிழ் இலக்கணத்துக்கு அவர் துணை செய்தார். புத்தகத்தின் முகப்பில் சீகன்பால்கு பெயர்தான் இருக்கிறது.

சுவிசேஷம் வந்தது, சாதி போனதா என்ற கேள்விக்கும் அந்தப் பெட்டிகளில் பதில் இருக்கிறது. 1733இல் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் சீர்திருத்தத் திருச்சபைக் குரு என்று அவரைக் கொண்டாடுகிறோம். அவர் வெள்ளாளர். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் ஊர் ஊராக நடந்து சபையைக் கட்டியவர் ராஜநாயக்கன் என்ற உபதேசியார். அவர் பறையர். அவருக்குக் குருப்பட்டம் கொடுப்பதா என்று மிஷனரிகள் யோசித்தார்கள். அவர் கையால் திருவிருந்து வாங்க மற்ற சாதிக் கிறித்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களே என்று தயங்கினார்கள். கடைசிவரை கொடுக்கவில்லை. 1771இல் அவர் உபதேசியாராகவே இறந்தார்.

இதைக் கதையாக நான் முன்பே கேட்டிருந்தேன். அந்தத் தயக்கத்தை எழுதிய கையெழுத்துகளுக்கு முன்னால் உட்காருவது வேறு. அவை பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கின்றன. இன்றைய ஜெர்மன் படித்தவருக்கே அது புரியாது. எழுத்து எழுத்தாகப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அங்கே நடக்கிறது. மூன்று மாதம் பழகிய பிறகுதான் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் என்னால் படிக்க முடிந்தது. எல்லாம் டிஜிட்டலாக வந்துவிட்டதே, வீட்டிலிருந்தே படிக்கலாமே என்பவர்களுக்கு இதுதான் என் பதில். படம் இணையத்தில் கிடைக்கலாம். அதைப் படிக்கிற கண் அங்கே போய் உட்கார்ந்தால்தான் வரும்.

இந்த ஆவணங்களைப் பல நல்ல ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள், அவர்களிடம் நானும் கற்றிருக்கிறேன். ஆனாலும் ராஜநாயக்கன் தெருவிலிருந்து போகிற ஒருவர் வேறு கேள்விகளோடு அந்தப் பெட்டியைத் திறப்பார். குருப்பட்டம் மறுக்கப்பட்டது ஏன் என்பதோடு நின்றுவிட மாட்டார். மறுக்கப்பட்ட பிறகும் அந்த மனிதர் இத்தனை வருடம் எதற்காக நடந்தார், அவரை நம்பி வந்த கூலி விவசாயிகள் என்ன கேட்டார்கள், மிராசுதார்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பார்.

டெல்லி போட்ட பூட்டு

அப்படி ஒருவர் போகக் கூடாது என்றுதான் ஒன்றிய அரசு விதி எழுதியிருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்க 1954–55 முதல் நடந்துவரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டத்தில் நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். 2022இல் அதன் விதிமுறைகளில் ஒரு வரியைச் சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவித்தொகை கிடையாது. இவற்றுக்கான வளமும் அறிஞர்களும் இந்தியாவிலேயே இருக்கும்போது வெளிநாடு எதற்கு என்றார்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் வாசித்த கட்டுரை இந்தியாவில் சாதிகளின் தோற்றம் பற்றியது. இன்றைய விதிப்படி அது செல்லாத தலைப்பு. ஹாலேயிலும் ஒரு முன்னோடி உண்டு. இன்றைய கானாவில் பிறந்து, சிறுவனாக ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்ட ஆன்டன் வில்ஹெல்ம் ஆமோ 1727இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1729இல் அவர் வாதிட்ட பொருள், ஐரோப்பாவில் கறுப்பின மக்களின் உரிமை. பின்னாளில் அங்கேயே ஆசிரியரும் ஆனார். தன் மக்களைப் பற்றி அயல்நாட்டில் ஆய்வு செய்யாதே என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால், அந்த வாதம் அன்றைக்கு அந்த அவையில் ஏறியிருக்காது.

சாதி இந்துக் குடும்பத்துப் பிள்ளை சொந்தக் காசில் ஆக்ஸ்போர்டு போய் இந்தியச் சமூகத்தை ஆராயலாம். தடை இல்லை. அரசுப் பணத்தை நம்பியிருக்கும் தலித் மாணவருக்கு மட்டும்தான் தடை. பொறியியல் படி, மேலாண்மை படி, உன் வரலாற்றை மட்டும் வெளியே போய்ப் படிக்காதே. இதன் நடைமுறை விளைவு, உலகப் பல்கலைக்கழகங்களில் சாதியை விளக்கும் வேலை, சாதியால் லாபம் அடைந்தவர்களிடமே தொடர்ந்து இருப்பதுதான்.

தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் நடத்தும் அயலக உயர்கல்வித் திட்டம் நல்ல திட்டம். ஆனால் அது முழுப் பட்டப்படிப்புக்கானது. ஒரு பருவம் பரிமாற்றத்தில் போகும் மாணவர் எந்தத் திட்டத்திலும் அடங்குவதில்லை. அவருக்கு மகளிர் குழுதான் கதி.

என்ன கேட்கப் போகிறோம்?

ஒன்று: 2022இல் சேர்த்த அந்த வரியை நீக்க வேண்டும். இதை ஆய்வு மாணவர்களின் கோரிக்கையாக மட்டும் விடாமல், சாதி ஒழிப்பு இயக்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஏற்ற வேண்டும்.

இரண்டு: பரிமாற்றத்துக்குத் தேர்வாகும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு விசா, டிக்கெட், முதல் இரண்டு மாதச் செலவை முன்கூட்டியே கொடுக்கும் சுழல் நிதி ஒவ்வொரு அரசுப் பல்கலைக்கழகத்திலும் வேண்டும். உதவித்தொகை வந்ததும் மாணவர் திருப்பிக் கட்டிவிடுவார். பல்கலைக்கழகத்துக்கு இதில் இழப்பு ஏதுமில்லை.

மூன்று: தேர்வில் இடஒதுக்கீடு, குறைந்தது 30 நாள் அவகாசம், தேர்வானவர் பட்டியலை வெளியிடுதல். பாஸ்போர்ட் இல்லை என்பது விண்ணப்பத்தைத் தள்ளக் காரணமாக இருக்கக் கூடாது. தேர்வான பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

நான்கு: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் போடும்போது, பாகுபாட்டுப் புகார்களில் சாதியும் அடங்கும் என்று ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும். நம் துணைவேந்தர்கள் கேட்காமல் அவர்களுக்கு அந்தச் சொல் தெரியாது.

இவற்றைக் கேட்பதற்கு நம் கையில் கணக்கு வேண்டும். அதை இந்த வாரமே தொடங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை மாணவர்கள் பரிமாற்றத்தில் வெளிநாடு போனார்கள், அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் எத்தனை பேர், தேர்வுக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். பெயர்கள் தேவையில்லை, எண்ணிக்கை போதும். பத்துப் பல்கலைக்கழகங்களிலிருந்து பதில் வந்தால் நம்மிடம் ஒரு அறிக்கை இருக்கும்.

கூடவே, பாஸ்போர்ட் எடுங்கள். உங்கள் துறையில் முதல் ஆண்டு படிக்கும் தம்பி தங்கைகளையும் எடுக்க வையுங்கள். போய் வந்தவர்கள் உங்கள் விண்ணப்பக் கடிதத்தையும் செலவுக் கணக்கையும் அடுத்தவருக்குக் கொடுங்கள். என்னுடையதை இதுவரை ஆறு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் இருவர் இந்த ஆண்டு விண்ணப்பித்திருக்கிறார்கள்.

ஜெய் பீம்.